வாசுகி கக்கியது

தன்னுடைய வாந்தியை எடுப்பதற்கு இன்னொருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபிறகு மனிதர்கள் எந்த உயரத்துக்கும் ஏறத் தயாராகிவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்பை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் வாசுகி அப்படித்தான் எழுந்தது. ரோலர் கோஸ்டர் என்றால் ஏறும், இறங்கும், ஒரு குட்டிக்கரணம் அடிக்கும், முடிந்துவிடும். இதில் வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு திருகல், தலைகீழாகவே ஒரு நீண்ட ஓட்டம் என்று இரும்பில் ஒரு பாம்பைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்த வெளிநாட்டுக்காரர், எலும்புக்கு ஆபத்தில்லை, ஆனால் இதில் ஏறியவர் வாந்தி எடுக்காமல் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். முதலாளி ரத்தினவேல், "அது நம்ம பிரச்னை. அவரு நல்லா சுத்தி விடட்டும்" என்றார்.

அந்தப் பிரச்னையைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார். என் பெயர் பூங்கோதை. ஒருவருடைய குமட்டலை உருவி இன்னொருவருக்கு அனுப்பும் இயந்திரத்தை இயக்குவது என் வேலை. பிரஷர் குக்கர் அளவுதான் இருக்கும் அது. பூங்காவுக்கு வருவதற்கு முன்னால் அதே இயந்திரங்களோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தேன். அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஊசி போட்ட மகளின் குமட்டலை அம்மா வாங்கிக்கொண்டு வராந்தாவில் பக்கெட்டோடு உட்கார்ந்திருப்பாள். மகள் உள்ளே படுக்கையில் இட்லி சாப்பிடுவாள். இயந்திரத்தில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. அதை அழுத்தினால் போனது திரும்பி உரியவரிடமே வந்துவிடும். அந்தக் குமிழை அழுத்தச் சொல்லி எங்களிடம் கெஞ்சியவர்கள் எல்லோரும் நோயாளிகள்தான். "போதும் சிஸ்டர், அம்மாவால முடியல, எனக்கே குடுத்துடுங்க" என்பார்கள்.

ரத்தினவேல் அந்த இயந்திரத்தைச் செய்யும் கம்பெனியையே வாங்கினார். மருத்துவமனை இயந்திரங்கள் பழுது பார்க்க என்று போயின. வாசுகியின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வந்து இறங்கின. அவற்றை ஓட்டத் தெரிந்த நானும் பின்னாலேயே வந்து சேர்ந்தேன்.

கொட்டகைக்கு வெளியே 'நீலகண்டம்' என்று தங்க எழுத்தில் பலகை மாட்டினார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நீல பக்கெட். சுற்றுப்பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள் தலையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார வேண்டும். மேலே ரயிலில் சுற்றுகிறவருக்கு வர வேண்டிய குமட்டல் இவருக்கு வரும். ரயிலில் இருப்பவர் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வில்லையை ஒட்டிக்கொண்டு, சொர்க்கத்தைப் பார்த்தவர் மாதிரி இறங்கிப் போவார். விளம்பரத்தில், 'உங்கள் குமட்டலை வாசுகியே விழுங்கிக்கொள்கிறது' என்று போட்டிருந்தார்கள். ஏதோ மெஷின் விழுங்குகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கேட்டது மரியசெல்வம் ஒருவர்தான். கோவளம் பக்கத்துக் குப்பம். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவர். செல்வக்கா என்று கூப்பிடுவேன். கொட்டகையில் முதல் நாள் பட்டையைக் கட்டும்போது கேட்டார்.

"மேடம், அவங்க அங்க சுத்துறதுக்கு எனக்கு ஏன் வாந்தி வரணும்?"

"கண்ணு ஒண்ணு சொல்லும்க்கா. காதுக்குள்ள இருக்கறது வேற ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, ஏதோ விஷத்தத் தின்னுட்டோம் போலன்னு மூளை பயந்துக்கும். தின்னத வெளிய தள்ளச் சொல்லும். அந்தப் பயத்த மட்டும் உருவி உங்களுக்கு அனுப்பறோம்."

"அதை அழிச்சுட முடியாதா?"

"முடியாது. இடம் மாத்தத்தான் முடியும்."

"குப்பை மாதிரியா?"

"குப்பை மாதிரிதான்."

"அதான பாத்தேன்" என்று சிரித்தார். "மெட்ராசு குப்பையக் கொட்றதுக்கும் எங்க ஆளுங்க இருக்கிற பக்கமாத்தான் வருவாங்க."

அவர் சம்பளத்துக்காக மட்டும் வரவில்லை. அவருடைய கணவர் சூசைராஜுக்கு வயிற்றில் புற்றுநோய். ஊசி போட்டால் நாலு நாள் தண்ணீர்கூடத் தங்காது. முன்பு மருத்துவமனையில் செல்வக்காதான் அவருடைய குமட்டலை வாங்கிக்கொண்டிருந்தார். இயந்திரம் கொட்டகைக்கு வந்துவிட்டது. அதனால் செல்வக்காவும் வந்துவிட்டார். ரத்தினவேல் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஊசி போட்ட நாட்களில் மதியத்துக்கு மேல் சூசைராஜை ஆட்டோவில் அழைத்து வந்து ஒரு இயந்திரத்தில் உட்கார வைக்கலாம். பதிலுக்கு, வாசுகி திறக்கும்வரை செல்வக்கா ஒரு நாள்கூட லீவு எடுக்கக் கூடாது. காலையில் சோதனை ஓட்டத்தில் ஏறும் ஊரார் குமட்டல், மாலையில் புருஷன் குமட்டல். இதை ரத்தினவேல் 'ஊழியர் நலத் திட்டம்' என்று சொல்லி ஒரு கூட்டத்தில் கைதட்டல் வாங்கினார். எனக்கு அந்த மனிதர் பூசியிருக்கும் சென்ட் வாசனையே குமட்டும்.

நான் ஒன்றும் பெரிய தியாகி கிடையாது. பஸ்ஸில் யாராவது ஜன்னல் பக்கம் தலையை நீட்டினால் இறங்கிவிடுகிற ஆள். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் ஒரு முறைகூட அந்தப் பட்டையைத் தலையில் கட்டியதில்லை. கொட்டகைக்குள் போகும்போது முகக் கவசத்துக்குள் யூக்கலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டுதான் போவேன்.

ஆயுத பூஜைக்குத் திறப்பதாகச் சொல்லி டிக்கெட் விற்றார்கள். பிறகு தீபாவளி என்றார்கள். உதிரி பாகம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது என்று அறிவிப்பு வந்தது. பிறகு மழை என்றார்கள், கிறிஸ்துமஸ் என்றார்கள். உதிரி பாகம் எல்லாம் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. கொட்டகையில் ஆள் நிற்கவில்லை, அதுதான் விஷயம். சோதனை ஓட்டம் நடக்க நடக்க, வந்தவர்கள் இரண்டாவது நாள் பக்கெட்டை உதைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். புது ஆள் பிடிக்கவும் கொட்டகையை நீட்டவுமாக மாதங்கள் ஓடின. கொட்டகையை நீட்டுவதற்காக, வரிசைக்கு மேல் கூரை போட்டுக்கொண்டிருந்த ஆட்களையும் இழுத்துக்கொண்டார்கள். மக்கள் காத்து நிற்கும் வரிசை வாசுகியின் மிகப் பெரிய வளையத்துக்கு நேர் கீழே, கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். தூண்கள் நின்றன, தகடு ஏறவில்லை.

"சார், கூரை போடாம எப்படித் திறக்கறது?" என்று கேட்டேன்.

"வெயில்தானம்மா. கடல் காத்து வீசுது. நிக்கட்டும்."

கடைசியில் காணும் பொங்கல் அன்று திறப்பு என்று முடிவானது. காணும் பொங்கலன்று நம் ஜனங்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதும், அன்றைக்குத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் ரத்தினவேலுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வைத்தார்.

விடிவதற்கு முன்பே சாலை அடைத்துவிட்டது. குட்டியானை வண்டிகளில் நின்றுகொண்டே வந்தார்கள். கட்டுச்சோறு, கரும்பு, பாய், அழுகிற குழந்தைகள். பத்து மணிக்கெல்லாம் பூங்காவின் புதுப் புல்வெளி மிதிபட்டுச் சேறாகிவிட்டது. மஞ்சள் பெயிண்ட் அடித்த தூண்களில் வெற்றிலை எச்சில் வழிந்தது. ஒரு தாய் குழந்தையின் டயப்பரைச் சுருட்டி செம்பருத்திப் புதரில் செருகிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கழிவறைகளில் தண்ணீர் தீர்ந்து, ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்க ஆரம்பித்தார்கள். 'இங்கு அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதியிருந்த சுவர் அது. வரிசைக்குள் ஆயிரம் பேர் நின்றால் வெளியே பத்தாயிரம் பேர் நின்றார்கள். இடுக்கில் நுழைகிறவர்கள், "நம்ம எம்.எல்.ஏ. ஆளுங்க" என்று சொல்லித் தடுப்பைத் தாண்டுகிறவர்கள், தாண்டுகிறவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தாங்களும் தாண்டுகிறவர்கள். கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மனிதப் பிறவி என்று இதை யார் புகழ்ந்து வைத்தார்கள் என்றே தோன்றியது.

திறந்து வைக்க வேண்டிய எம்.எல்.ஏ. வரவில்லை. ராகு காலம் முடிந்து கிளம்புகிறார் என்றார்கள். முடிந்தது, கிளம்பவில்லை. எமகண்டமும் போகட்டும் என்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது.

"யோவ், ஆயுத பூஜைக்கு வாங்குன டிக்கெட்டுய்யா இது!" என்று ஒருவர் கத்தினார். செருப்பு ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் விழுந்தது. கம்பித் தடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ரத்தினவேல் பட்டு வேட்டியோடு கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "எல்லா அண்டாவையும் வரிசைக்குக் கொண்டு வாங்கப்பா" என்றார்.

விருந்தினருக்கும் கட்சிக்காரர்களுக்கும் என்று மட்டன் பிரியாணியும் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலும் அண்டா அண்டாவாகச் செய்து வைத்திருந்தார்கள்.

"சார், வேண்டாம்" என்றேன். "ஏறப் போறவங்க சாப்பிடவே கூடாது. நாம சோதனை எல்லாம் வெறும் வயித்துல பண்ணது. வயிறு முட்டத் தின்னுட்டு ஏறினா குமட்டல் எத்தனை மடங்கு வரும்னு எனக்கே தெரியாது. அத்தனையும் கொட்டகைக்குத்தான் போகும்."

"கோதை, பசியோட நிக்கறவன் கல்லெடுப்பான். சாப்பிட்டவன் உக்காந்துடுவான். நம்ம ஊர்ல இதுக்கு வேற மருந்து கெடையாது."

"பிஸ்கட் குடுங்க சார். மோர் குடுங்க."

"பண்டிகை நாள்ல வீடு தேடி வந்தவங்களுக்கு மோர் குடுக்கறதா? கூசலையா உனக்கு?" என்றார். நிஜமாகவே புண்பட்டுப் போயிருந்தது அவர் முகம். அந்த நேரத்தில் தன்னை ஒரு வள்ளலாகவே அவர் நம்பினார்.

அவர் சொன்னது பலித்தது, அதுதான் கொடுமை. பாக்குமட்டைத் தட்டு கைக்கு வந்ததும் கூட்டம் அடங்கியது. வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். செருப்பை வீசியவர் இரண்டாம் முறை கையை நீட்டினார். "மொதலாளி தங்கமான மனுசன்" என்று ஒரு பெரியவர் ஏப்பம் விட்டார். எலும்புகளைத் தடுப்புக்கு வெளியே எறிந்தார்கள். குடிநீர்த் தொட்டியில் கை கழுவினார்கள். நெய்யும் மசாலாவும் மிதந்த அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு நான் திரும்பிக்கொண்டேன்.

உண்ட மயக்கம் தெளிந்ததும் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். எம்.எல்.ஏ. மகாபலிபுரத்தைத் தாண்டிவிட்டார் என்று செய்தி. அதுவரை தாங்காது என்று, "ட்ரையல்னு சொல்லி நாலு ட்ரிப் விடுங்க" என்று ரத்தினவேல் உத்தரவிட்டார்.

முதல் ரயில் மேலே ஏறி, வளையத்தில் தலைகீழாகச் சுருண்டு திரும்பியது. அதிலிருந்தவர்கள் கையை விரித்து ஆடினார்கள். அவர்கள் உடம்பு சாப்பாட்டையே மறந்துவிட்டிருந்தது. குமட்டலின் அளவைக் காட்டும் முள் என் முன்னால் ஒரேயடியாகச் சிவப்புக் கோட்டுக்குப் போய் நின்றது. இரண்டாவது ரயில் கிளம்பும்போது நான் கொட்டகைக்கு ஓடினேன்.

தைலம் எதற்கும் உதவவில்லை. அந்த வாடையை எழுதிக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. பாதி நாற்காலிகள் காலி. பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு போயிருந்தார்கள். போனவர்களுடைய பங்கும் இருப்பவர்கள் தலையில்தான் விழும். செல்வக்கா பக்கெட்டின் மேல் கவிழ்ந்திருந்தார். வெறும் வயிறு; வெளியே வர ஒன்றுமில்லை. ஆனாலும் உடம்பு முறுக்கி முறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

"பிரியாணி வாசன வருது மேடம்" என்றார். "தொண்டையெல்லாம் மசாலா. நான் விடியல்ல இருந்து தண்ணிகூடக் குடிக்கல. எவன் தின்னதோ என் வாயில இருக்கு."

"கழட்டுங்கக்கா. போதும்."

"நாளைக்கு அவருக்கு ஊசி."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"இன்னிக்குத் தெறந்துட்டா என் கடன் தீந்துச்சு. அப்புறம் அந்த மெஷினு அவருக்குன்னு குடுத்துடறேன்னு மொதலாளி மாதா மேல சத்தியம் பண்ணாரு. அவரு இந்து, ஆனாலும் மாதா மேலதான் பண்ணாரு, எனக்காக." மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது உதட்டில் சிவப்பாக ஒரு கோடு. பக்கெட்டைப் பார்த்தேன். அதிலும் சிவப்புதான்.

வெளியே பட்டாசு வெடித்தது. எம்.எல்.ஏ. வந்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் அவருக்கு வெள்ளித் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்கள். நெய் அவர் முழங்கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் அருகில் நின்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், செல்வக்கா ரத்தமா எடுக்கறாங்க. நிறுத்துங்க. திறப்பு விழா நாளைக்கு வச்சுக்கலாம்."

"இன்னொரு நாள் தள்ளுனா இந்தக் கூட்டம் என்னைக் கொளுத்திடும்மா. ஒரே ஒரு ட்ரிப். அண்ணன் ஏறுறாரு, நான் ஏறுறேன், நிருபருங்க ஏறுறாங்க. அப்புறம் நிறுத்திக்கலாம்."

"அந்த ஒரு ட்ரிப்ப யாரு வாங்கறது? உள்ள அஞ்சாறு பேருதான் இருக்காங்க."

எம்.எல்.ஏ. தட்டிலிருந்து நிமிர்ந்தார். "என்ன பிரச்னை?"

"ஒண்ணுமில்லண்ணே. பாற்கடலைக் கடைஞ்சப்ப வாசுகி விஷத்தக் கக்குச்சுல்ல? யாராச்சும் ஒருத்தர் அத முழுங்குனாத்தான மத்தவங்களுக்கு அமிர்தம்? அந்த டிபார்ட்மென்ட் இவங்க." என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "சிவபெருமான் சம்பளம் வாங்கிக்கிட்டா முழுங்குனாரு? நாம சம்பளம் குடுக்கறோம், கோதை. அதை நெனச்சுப் பாரு."

எம்.எல்.ஏ. சிரித்தார். ஒரு முந்திரிப் பருப்பு அவர் உதட்டில் ஒட்டியிருந்தது. எனக்கு அங்கேயே வந்துவிடும் போலிருந்தது. அது என்னுடையதுதான், யாரும் அனுப்பியதில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன். ஒரு பக்கக் கண்ணாடியில் ரயில் தெரிந்தது. முதல் இருக்கையில் எம்.எல்.ஏ.வும் ரத்தினவேலும், பின்னால் நிருபர்களும் கட்சிக்காரர்களும், கடைசிப் பெட்டிகளில் வரிசையிலிருந்து ஏற்றிய பொதுமக்களும். எல்லோரும் சாப்பிட்டவர்கள். மறுபக்கக் கண்ணாடியில் கொட்டகையின் திறந்த வாசல். செல்வக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து என் மேசையில் வைத்திருந்த சிவப்புக் குமிழின் மேல்தான் என் கை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனையில் அந்தச் சிவப்புக் குமிழை அவர் பல முறை பார்த்தவர். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார். அழுத்தினால் சூசைராஜுக்கு இனி இயந்திரம் கிடையாது. அழுத்தாவிட்டால் சூசைராஜுக்கு மனைவி இருப்பாளா என்பது சந்தேகம். அவர் முதலாவதை நினைத்துக் கும்பிட்டார். ரயில் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பிறகு தலைகீழாகச் சரிந்தது.

அழுத்திவிட்டேன்.

கொட்டகையில் செல்வக்காவின் தோள்கள் சட்டென்று தளர்ந்தன. மேலே பாட்டும் கூச்சலும் நின்றன. கைகள் ஒவ்வொன்றாக இறங்கி வாயைப் பொத்தின. எம்.எல்.ஏ.வின் முகம் வெளுத்ததை, பூங்காவில் வைத்திருந்த பெரிய திரையில் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். அதற்கு மேல் அந்தத் திரையைப் பார்த்திருக்கக் கூடாது; ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.

வளையத்துக்குக் கீழே, கூரை போடாத வரிசையில் நின்றவர்கள் முதலில் மழை என்று நினைத்தார்கள். ஒரு பெண் உள்ளங்கையை நீட்டிக்கூடப் பார்த்தாள். பிறகு அவள் அலறினாள். மட்டனும் முந்திரியும் நெய்யும் சோறும், அன்றைக்குக் கொடுத்த அத்தனையும், கொடுத்தவர் வயிற்றிலிருந்ததும் சேர்ந்து, நின்றவர் தலையில் இறங்கியது. ரயில் நிற்காது, நிறுத்த முடியாத இடத்தில் அது இருந்தது. இன்னொரு வளையம், இன்னொரு திருகல். ஓட இடமில்லாமல் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் குமட்டி, தாங்களும் எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு இயந்திரமே தேவைப்படவில்லை.

நான் செல்வக்காவைத் தாங்கிக்கொண்டு பின்வழியாக வந்தேன். காலி அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சமையல்காரரிடம், கொட்டகையிலிருந்து தூக்கி வந்த ஓர் இயந்திரத்தைக் காட்டி, ஒரு அண்டாவுக்குள் வைத்து மூடச் சொன்னேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் தலைமுடியில் அவர் சமைத்த சோறே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அழுகை கேட்கும், அடிதடி நடக்கும், யாராவது கொட்டகைக்குள் போய்ப் பார்ப்பார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கேட்டது சிரிப்பு. தலையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வக்காவுக்குத் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் கிழிந்திருந்தது. டாக்டர் தைத்துவிட்டு, இனி இந்த அம்மா வாந்தியே எடுக்கக் கூடாது, எடுத்தால் பிழைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். கண் விழித்ததும் செல்வக்கா என்னைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போன பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரத்தினவேல் என்மேல் புகார் கொடுப்பார் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. கொட்டகையைப் பற்றித் தொலைக்காட்சியில் இரண்டு நாள் பேசினார்கள். ஐயோ பாவம் என்றார்கள். மூன்றாவது நாள் வேறு ஏதோ வந்துவிட்டது. எம்.எல்.ஏ. வாந்தி எடுக்கும் படத்தை உலகமே பார்த்துவிட்டிருந்தது. ரத்தினவேல் கொட்டகையைப் பூட்டினார், நீலகண்டம் பலகையைக் கழற்றினார், புதுப் பலகை ஒன்றை வாசலில் வைத்தார்: 'வாசுகி: தாங்குவீர்களா?' வில்லையும் கிடையாது, பட்டையும் கிடையாது. ஏறினால் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் இறங்குகிறவருக்கு ஒரு பரிசுக் கோப்பை. முதல் ஞாயிற்றுக்கிழமையே மகாபலிபுரம் வரை வண்டிகள் நின்றன. வரிசைக்கு மேல் இன்னும் கூரை போடவில்லை. இப்போது அது தாமதமில்லை; கீழே நிற்பதற்கும் தனி டிக்கெட், மழைக்கோட்டு வாடகை தனி. வேலை போன கொட்டகை ஆட்கள் பூங்கா வாசலில் நின்று, திரும்ப வேலை கேட்டு மனு கொடுத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

சூசைராஜுக்கு அடுத்த தவணை ஊசி போட்ட அன்று மாலை, அண்டாவில் கொண்டு வந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். செல்வக்கா கதவைத் திறந்தார், விலகி நின்றார். உள்ளே கட்டிலில் சூசைராஜ் சுருண்டு கிடந்தார். வற்றிப்போன பெரிய உடம்பு. செல்வக்கா பட்டையை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தப் பட்டையில் பழைய வியர்வை நாற்றம் அடித்தது. சூசைராஜின் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டையை என் தலையில் கட்டினேன்.

வந்துவிட்டது. வயிற்றின் அடியிலிருந்து யாரோ கையை விட்டு உள்ளே இருப்பதை எல்லாம் பிடித்து இழுப்பது மாதிரி வந்தது. செல்வக்கா நீல பக்கெட்டை என் மடியில் வைத்தார். கொட்டகையில் இருந்த அதே பக்கெட்டுதான். எப்போது எடுத்து வந்தாரோ தெரியவில்லை. முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டேன்.

கட்டில் முனகியது. சூசைராஜ் எழுந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தட்டு ஓசை கேட்டது. செல்வக்கா சோறும் சங்கராமீன் குழம்பும் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குழம்பு வாசனையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சூசைராஜ் நிதானமாகப் பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டார். விரல்களைச் சப்பும் சத்தம்கூடக் கேட்டது. போனில் ஏதோ படம் ஓடவிட்டுச் சிரித்தார். அதில் கேட்டது எம்.எல்.ஏ.வின் குரல்; அது எனக்குத் தெரியும்.

"மேடம்" என்றார் சூசைராஜ். "முப்பது வருசம் கடலுக்குப் போனவன் நானு. எந்தப் புயல்லயும் ஒரு வாட்டி வாந்தி எடுத்ததில்ல. இந்த எழவு ஊசிக்குத்தான் தோத்தேன். ஒடம்பு கொஞ்சம் தேறுனதும் அந்த வாசுகில ஒரு தபா ஏறிப் பாத்துடணும். அந்தக் கோப்பைய வாங்காம எறங்க மாட்டேன். உங்களுக்கு அங்க ஆளு தெரியுமே, ஒரு டிக்கெட்டு கெடைக்குமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை, மற்றது வந்தது.

"சும்மா இரு" என்றார் செல்வக்கா அவரிடம். என் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். "மேடம் மொதல்ல எடுத்து முடிக்கட்டும்."